சுவரில் எட்டு மாதம் ஏறியாயிற்று, முதல் முறையாக நிஜப் பாறைக்குப் போகிறோம்: என்ன தெரிந்திருக்க வேண்டும்?

புதுக்கயிறு:
எல்லோருக்கும் வணக்கம். எட்டு மாதமாக உள்ளரங்கச் சுவரில் ஏறுகிறேன். டாப் ரோப்பில், அதாவது மேலிருந்து தொங்கும் கயிற்றில், கடினத்தைச் சொல்லும் கிரேடு எண்ணில் 5.10 வரை விழாமல் ஏறிவிடுவேன். பெலே பிடிக்க, அதாவது ஏறுகிறவரின் கயிற்றைக் கீழிருந்து கருவியால் பிடித்துக் காக்கத் தெரியும். கயிற்றை இடுப்பில் கட்டும் எட்டு முடிச்சைக் கண்ணை மூடிக்கொண்டு போடுவேன். இரண்டு வாரம் கழித்து நாங்கள் மூன்று பேர் முதல் முறையாக வெளியே பாறைக்குப் போவதாகப் பேசி வைத்திருக்கிறோம்.

சுவரில் ஏறுகிற அதே கிரேடைப் பாறையிலும் ஏற முடியுமா? இப்போது இருக்கிற ஷூ போதுமா, புதிது வேண்டுமா? இந்த இரண்டு வாரத்தில் கைக்கு என்ன பயிற்சி கொடுக்கலாம்? பயம் இருக்கிறது. அதைவிட ஆசை அதிகமாக இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கல்லெறும்பு:
வாங்க. கிரேடை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். 5.10 ஏறுகிறவர் முதல் நாள் 5.6, 5.7 பாறையில் திணறுவது சாதாரணம். உங்களுக்குப் பலம் குறைந்துவிட்டது என்று அதற்கு அர்த்தமில்லை. சுவரில் யாரோ ஒருவர் பிடிகளைத் திருகி வைத்து நிறமும் கொடுத்து, வழியைக் கையில் தந்துவிடுகிறார். பாறையில் அந்த வழியை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இன்னொன்று. இந்த எண் முறையைத் தொடங்கியபோது 5.9 தான் உச்சம் என்று வைத்தார்கள். அதற்கு மேலும் ஆட்கள் ஏறத் தொடங்கிய பிறகுதான் 5.10, 5.11 என்று நீண்டு இன்று 5.15 வரை வந்திருக்கிறது. பழைய காலத்தில் 5.9 என்று எழுதிவைத்த வழிகளில் சில, இன்றைய 5.10-ஐயும் தாண்டும். எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

கைப் பயிற்சியை விடுங்கள், காலைப் பழக்குங்கள். முதன்முதலில் ஒரு சாய்வான கருங்கல் பாறையின் அடியில் நின்றபோது பிடி என்று சொல்ல அதில் எதுவுமே எனக்குத் தெரியவில்லை. உடன் வந்த அண்ணன் கன்னத்தைக் கல்லில் ஒட்டினாற்போல் வைத்துப் பக்கவாட்டில் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். கடுகளவு, மிளகளவு படிகங்கள் வெயிலில் நிழல் விழுந்து நின்றன. அதில் ஒன்றின் மேல் பெருவிரல் பக்கத்து ஷூ நுனியை வைத்து, எடையை முழுக்க அந்தக் காலில் இறக்கினேன். நின்றது. அந்த ஒரு நொடிக்காகத்தான் இன்றைக்கும் போய்க்கொண்டிருக்கிறேன்.

இப்போதைய ஷூ போதும். விரல் நோகாமல் ஒரு மணி நேரம் போட முடிகிறதா என்று மட்டும் பாருங்கள்.

மலைக்காற்று:
ஒரு கேள்வி. மூன்று பேரில் வெளியே ஏறியவர் யார்? கயிற்றை மேலே தாங்கி நிற்கும் ஆங்கரை யார் போடுவார்?

புதுக்கயிறு:
மூவருமே புதியவர்கள்தான். ஆனால் பாறையின் பின்பக்கமாக நடந்தே உச்சிக்குப் போய்விடலாம், அங்கே பாறையில் பதித்த இரண்டு போல்ட் இருக்கிறது. நண்பர் ஒருவர் ஆங்கர் போடும் முறையை வீடியோவில் பார்த்துக் குறிப்பெல்லாம் எடுத்திருக்கிறார். தரையில் நாற்காலியில் கட்டியும் பழகினோம்.

மலைக்காற்று:
குறிப்பெடுத்துப் பழகியது நல்ல விஷயம், மனதாரச் சொல்கிறேன். ஆனால் தெரிந்தவர் ஒருவர் கூட இல்லாமல் போக வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

சுவரில் ஆங்கர் என்பதை நீங்கள் நினைக்கவே வேண்டியதில்லை. கயிறு ஏற்கனவே தொங்கும், மேலே போய்த் தொட்டுவிட்டு இறங்குவீர்கள். பாறையில் கடைசியாக ஏறுகிறவர் சாமான்களைக் கழற்றிக்கொண்டு வர வேண்டும். அதற்கு அவர் உச்சியில் தன்னைப் போல்ட்டில் மாட்டிக்கொண்டு, இடுப்பிலிருந்து கயிற்றை அவிழ்த்து, இரும்பு வளையத்துக்குள் நுழைத்து, மறுபடியும் கட்ட வேண்டும். தரையிலிருந்து 25 மீட்டர் உயரத்தில், தனியாக, கீழே இருப்பவர் முகம்கூடத் தெரியாத இடத்தில். உள்ளரங்கத்தில் இதைப் பெரும்பாலும் சொல்லித் தருவதில்லை.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். நான் மேலே கயிற்றை மாற்றிக் கட்டிவிட்டு, இறக்கு என்று கத்தினேன். காற்று. கீழே இருந்தவருக்கு ஏதோ ஒரு சத்தம் மட்டும் கேட்டிருக்கிறது. நான் கயிற்றை இரட்டையாகப் போட்டு நானே இறங்கிவிடுவேன் என்று அவர் நினைத்திருந்தார். எனவே பெலே கருவியிலிருந்து கயிற்றைக் கழற்றிவிட்டார். நாங்கள் தரையில் இருந்தபோது இதைப் பேசிக்கொள்ளவே இல்லை. நான் போல்ட்டில் மாட்டியிருந்த பட்டையைக் கழற்றக் கை வைத்தேன். கழற்றும் முன் கயிற்றில் எடையைப் போட்டுப் பார் என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள், அந்தப் பழக்கத்தில் கயிற்றை இழுத்தேன். ஒரு முழம் வந்தது. இரண்டு முழம் வந்தது. வந்துகொண்டே இருந்தது. எட்டிப் பார்த்தால் அவர் பாறை நிழலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

பட்டையைக் கழற்றியிருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். அவர் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. பேசாமல் ஏறியது இருவரின் தவறு.

செங்குத்து:
மலைக்காற்று சொன்னது உண்மைதான். ஆனால் நாங்களெல்லாம் யாரும் சொல்லித் தராமல்தான் கற்றோம். எல்லோரையும் இப்படிப் பயமுறுத்தினால் யாரும் பாறைப் பக்கமே வரமாட்டார்கள். எட்டு மாதம் ஏறியவருக்கு எளிய வழி ஒன்றில் முதல் நாளே லீட் (கயிற்றைக் கீழிருந்து எடுத்துக்கொண்டு, வழியில் ஆங்காங்கே மாட்டியபடி முதலில் ஏறுவது) கொடுக்கலாம் என்பது என் கருத்து. மேலிருந்து தொங்கும் கயிற்றில் ஏறினால் பாறை என்னவென்று தெரியாது. கயிற்றைக் கூடவே எடுத்துக்கொண்டு போகும்போதுதான் ஒவ்வொரு அடியும் உங்கள் முடிவாக இருக்கும்.

முடிச்சு:
செங்குத்து, லீடின் சுகம் எனக்கும் தெரியும். ஆனால் கணக்கைப் பாருங்கள். கடைசியாக மாட்டிய இடத்திலிருந்து 3 மீட்டர் மேலே போய் விழுந்தால், விழுவது 6 மீட்டர். கயிற்றின் தளர்ச்சியும் நீட்சியும் அதற்கு மேல். சுவரில் இடையில் ஒன்றுமில்லை, காற்றில் தொங்குவீர்கள். பாறையில் எளிய வழி என்றால் பெரும்பாலும் படிப்படியாகத் திட்டுகள் உள்ள வழி. விழுகிற வழியில் திட்டு இருந்தால் கணுக்கால் அதில்தான் போய் இறங்கும். எளிய வழியில் லீட் செய்தால் ஆபத்து குறைவு என்பது அதனால்தான் சரியில்லை.

முதல் நாள் டாப் ரோப். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

செங்குத்து:
திட்டு விஷயம் சரி. அதை நான் யோசிக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். நான் கற்ற பாறை முழுக்கச் செங்குத்தான சுவர்போல இருக்கும், அதை வைத்துச் சொல்லிவிட்டேன். ஆனால் அடுத்த சில பயணங்களுக்குள் லீட் கற்றுக்கொள்ளுங்கள் என்பதை விடமாட்டேன்.

முடிச்சு:
அதில் நானும் உங்கள் பக்கம்.

புதுக்கயிறு, இரண்டு விஷயம். முதலாவது, கண்ணை மூடிக்கொண்டு எட்டு முடிச்சு போடுவேன் என்று எழுதியிருந்தீர்கள். தெரிந்த முடிச்சில்தான் கவனம் தப்பும். லின் ஹில் என்ற பெயர் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1989-இல் பிரான்சில், கயிற்றை இடுப்பில் மாட்டும் ஹார்னெஸ்ஸில் நுழைத்துவிட்டு முடிச்சை முடிக்காமலே ஏறிவிட்டார். மேலே போய் இறங்குவதற்காகச் சாய்ந்தார். 20 மீட்டருக்கு மேல் விழுந்தார். மரக்கிளைகளில் பட்டு விழுந்ததால் உயிர் பிழைத்தார். நான்கு வருடம் கழித்து, 1993-இல், அமெரிக்காவின் எல் கேப்பிட்டன் பாறையில் நோஸ் என்ற வழியை ஃப்ரீயாக, அதாவது கருவிகளைப் பிடித்து ஏறாமல் கை கால் பலத்திலேயே, முதலில் ஏறி முடித்த ஆளும் அவர்தான். உலகின் மிகச் சிறந்த ஏறுநர்களில் ஒருவருக்கே அது நடந்தது. ஆகவே ஒவ்வொரு முறையும், தரையை விடும் முன், நீங்கள் பெலே பிடிப்பவரின் கருவியைத் தொட்டுப் பாருங்கள், அவர் உங்கள் முடிச்சைத் தொட்டுப் பார்க்கட்டும். கண்ணால் பார்த்தால் போதாது. கேரபினர் என்ற உலோகக் கொக்கியின் பூட்டை நெருக்கிப் பாருங்கள், இடுப்புப் பட்டை இடுப்பெலும்புக்கு மேலே நிற்கிறதா என்று கீழே இழுத்துப் பாருங்கள். பத்தாவது முறை ஏறும்போதும் இதே.

இரண்டாவது கயிற்றின் நீட்சி, புதியவர்கள் இதை எதிர்பார்ப்பதில்லை. பாறை 20 மீட்டர் என்று வையுங்கள். நீங்கள் தரையிலிருந்து 2 மீட்டர் ஏறியிருக்கிறீர்கள். உங்களுக்கும் ஆங்கருக்கும் இடையில் 18 மீட்டர் கயிறு, ஆங்கரிலிருந்து பெலே பிடிப்பவர் வரை இன்னொரு 20 மீட்டர். ஏறும் கயிறு உடல் எடைக்கே நூற்றுக்கு ஆறேழு பங்கு நீளும். உங்கள் பக்கத்துக் கயிறு மட்டுமே ஒரு மீட்டருக்கு மேல் நீண்டுவிடும், மறுபக்கமும் கொஞ்சம் கொடுக்கும். அதனால் முதல் சில மீட்டரில் வழுக்கினால் கால் தரையைத் தொட்டுவிடலாம். மேலே போகப் போக இந்த ஆபத்து குறையும். தொடக்கத்தில் கயிறு விறைப்பாக இருக்க வேண்டும் என்று பெலே பிடிப்பவரிடம் சொல்லி வையுங்கள்.

அப்புறம், 60 மீட்டர் கயிறு என்றால் 30 மீட்டர் பாறை வரைதான், ஏனென்றால் அது மேலே போய்க் கீழே வர வேண்டும். கயிற்றின் மறுமுனையில் எப்போதும் ஒரு தடுப்பு முடிச்சு. இறக்கும்போது முனை கருவி வழியே நழுவிப் போய் ஆள் விழுந்த விபத்துகள் பல உண்டு. அரை நிமிட வேலை.

மலைக்காற்று:
நான் மேலே எழுதியதோடு ஒன்று சேர்க்க விட்டுவிட்டேன். சொற்கள். நாங்கள் அந்தச் சம்பவத்துக்குப் பிறகு உட்கார்ந்து பேசியபோதுதான் உறைத்தது. தமிழில் கயிற்றை இறுக்கச் சொல்ல 'இறுக்கு' என்போம். கீழே விடச் சொல்ல 'இறக்கு' என்போம். 25 மீட்டருக்கு அப்பால் காற்றில் நின்று இரண்டையும் கத்திப் பாருங்கள். ஒரே ஒலிதான். ஒன்றுக்கொன்று நேர் எதிரான இரண்டு வேலைக்குக் கிட்டத்தட்ட ஒரே சொல்லை வைத்திருந்தோம்.

இப்போது எங்கள் குழுவில் 'டைட்', 'லூஸ்', 'இறக்கு', இந்த மூன்றுதான். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஆளின் பெயர். பக்கத்தில் வேறு குழு ஏறிக்கொண்டிருந்தால் அவர்கள் கத்துவதும் நம் ஆளுக்குக் கேட்கும், அதற்காகத்தான் பெயர். சரி, அதுவும் கேட்காத தூரம் என்றால் என்ன செய்வது? தரையிலேயே முடிவு செய்துவிடுங்கள்: "மேலே போனதும் நான் இரும்பு வளையத்தில் கட்டுவேன், நீதான் என்னை இறக்க வேண்டும், நான் தரையில் கால் வைக்கும் வரை கருவியிலிருந்து கயிற்றைக் கழற்றாதே." இதே வாக்கியம் முழுதாக. அவர் திருப்பிச் சொல்லட்டும்.

கல்லெறும்பு:
இறுக்கு, இறக்கு! பத்து வருடமாகக் கத்திக்கொண்டிருக்கிறேன், ஒரு நாளும் இது மனதில் படவில்லை. இன்றே எங்கள் ஆட்களிடம் சொல்கிறேன். நன்றி மலைக்காற்று.

ஈரமணல்:
கயிறு பற்றி நிறையப் பேசியாயிற்று, பாறை பற்றி யாரும் சொல்லவில்லை. என்ன கல் அது? கருங்கல்லா, மணற்கல்லா, சுண்ணாம்புக்கல்லா?

மணற்கல் என்றால் மழை பெய்த மறுநாள் தயவுசெய்து ஏறாதீர்கள். மணல் துகள்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும் பசை ஈரத்தில் இளகிவிடும். மேற்பரப்பு காய்ந்தாற்போல் தெரியும், உள்ளே ஈரம் இருக்கும். கையோடு பிடி பெயர்ந்து வந்தால் உங்களுக்கும் ஆபத்து, அந்த வழியும் அன்றோடு கெட்டது. ஒரு முறை உடைந்த பிடி முளைக்காது. அடியில் மண்ணைத் தோண்டிப் பாருங்கள், உள்ளே ஈரமாக இருந்தால் பாறையும் ஈரம்தான். கருங்கல்லுக்கு இந்தத் தொல்லை இல்லை, காய்ந்தால் ஏறலாம்.

எந்தக் கல்லானாலும் பிடியைத் தட்டிப் பார்த்துவிட்டு எடை போடுங்கள். உறுதியான கல் கட்டியான ஒலி தரும், கழன்ற கல் பானையைத் தட்டினாற்போல் ஒலிக்கும். சந்தேகமான பிடியை வெளிப்பக்கமாக இழுக்கக் கூடாது, கீழ்நோக்கி அழுத்தலாம். கல் பெயர்ந்தால் "கல்!" என்று உடனே கத்த வேண்டும். கீழே இருப்பவர்கள் நிமிர்ந்து பார்க்காமல் பாறையோடு ஒட்ட வேண்டும். ஹெல்மெட் ஏறுகிறவருக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். கீழே நிற்பவருக்குத்தான் கல் அதிகம் விழும்.

தேன்கூடு இருக்கிறதா என்று ஏறும் முன் பாறை முழுவதையும் நன்றாகப் பாருங்கள். பாறை முகடுகளின் அடியில் கட்டுகிற பெரிய தேனீக்கள் சத்தத்துக்கே கிளம்பும், கயிற்றில் தொங்குகிறவருக்கு ஓட இடமில்லை. கூடு இருந்தால் அன்று அந்தப் பாறை வேண்டாம். கழுகு, வல்லூறு கூடு கட்டியிருக்கும் காலத்திலும் அப்படித்தான், விலகிப் போய்விடுங்கள். அது அவற்றின் வீடு.

புதுக்கயிறு:
எல்லாவற்றையும் மூன்று பேரும் சேர்ந்து படித்தோம். மூன்று பேராகத் தனியே போகும் திட்டத்தைக் கைவிட்டோம். பல வருடம் வெளியே ஏறிய அக்கா ஒருவர் ஒரு நாள் எங்களோடு வரச் சம்மதித்திருக்கிறார். ஆங்கர் அவர் போடுவார், நாங்கள் பக்கத்தில் நின்று பார்ப்போம். கருங்கல் பாறை, 18 மீட்டர், சாய்வு.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். சுவரிலேயே சில நேரம் உயரத்தில் கால் தடதடவென்று ஆடத் தொடங்கிவிடும். நிறுத்த நினைத்தால் இன்னும் ஆடும். பாறையில் அப்படி ஆனால்?

கல்லெறும்பு:
ஆகும். தையல் மெஷின் கால் என்போம். குதிகாலைத் தூக்கி நுனியிலேயே வெகுநேரம் நின்றால் கெண்டைத் தசை சோர்ந்து தானாகத் துடிக்கும், பயம் அதைக் கூட்டும். குதிகாலைக் கீழே விடுங்கள். சாய்வுப் பாறையில் அதுதான் பிடிமானத்துக்கும் நல்லது, ரப்பர் அதிகம் கல்லில் படும். எடையை மற்றக் காலுக்கு மாற்றுங்கள். மூச்சை வெளியே விடுங்கள், உள்ளே இழுப்பது தானாக நடக்கும். பயத்தில் எல்லோரும் பாறையைக் கட்டிப்பிடிக்கப் பார்ப்பார்கள். அப்படிப் படுத்தால் எடை காலிலிருந்து நழுவி, ஷூ வழுக்கும். இடுப்பைக் கல்லிலிருந்து தள்ளி வைத்து நில்லுங்கள்.

இறங்கும்போது கயிற்றை நம்பி உட்காருங்கள். கால்களை அகல வைத்து, பாதம் முழுதும் கல்லில் படும்படி, நாற்காலியில் சாய்கிற மாதிரி. கயிற்றைக் கையால் பிடித்துத் தொங்க வேண்டாம். மோதிரம் இருந்தால் வீட்டிலேயே கழற்றிவிடுங்கள், விரிசலில் மாட்டினால் விரலோடு போகும். நீண்ட முடி என்றால் இறுக்கிக் கட்டுங்கள், பெலே கருவி முடியை உள்ளே இழுத்துவிடும்.

புதுக்கயிறு:
போய் வந்துவிட்டோம். மூன்று பேரும் பத்திரம்.

காலையில் அக்கா முதலில் எங்களை ஏறவே விடவில்லை. பாறை அடியில் முழங்கால் உயரத்தில் ஷூவோடு குறுக்கே நடக்கச் சொன்னார், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. அரை மணி நேரம். அதற்குள் ஷூவை நம்பத் தொடங்கியிருந்தோம்.

முதல் முறை பாதியில் நின்றுவிட்டேன். 9, 10 மீட்டர் இருக்கும். கைக்கு ஒன்றுமே இல்லை. சுவரில் என்றால் அடுத்த நிறத்தைத் தேடுவேன், இங்கே சாம்பல் மட்டும்தான். வலது கால் ஆடத் தொடங்கியது. குதிகாலை இறக்கினேன். நின்றுவிட்டது, உண்மையாகவே நின்றுவிட்டது! பிறகு கல்லெறும்பு சொன்னபடி முகத்தைத் திருப்பிக் கல்லோடு பார்த்தேன். முழங்கால் உயரத்தில் ஒரு குழிவு, கட்டை விரல் பதித்தாற்போல, அதில் கொஞ்சம் காய்ந்த பாசி. ஷூ நுனியால் பாசியைத் தள்ளிவிட்டு வைத்தேன். எழுந்தேன். அடுத்தது தெரிந்தது. அதிலிருந்து அடுத்தது. மேலே போன பிறகுதான் அழுதிருக்கிறேன் என்று தெரிந்தது, ஏன் என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை.

மலைக்காற்று, உங்கள் வாக்கியத்தை ஒவ்வொரு முறையும் தரையில் சொன்னோம், எதிரில் இருப்பவர் திருப்பிச் சொன்னார். அக்கா கேட்டுவிட்டு, இது யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டார். உங்கள் பெயரைச் சொன்னேன். இறுக்கு, இறக்கு விஷயத்தையும் சொன்னேன். அன்று முழுக்க 'டைட்' மட்டும்தான்.

மொத்தம் நான்கு வழி ஏறினேன், அதிகபட்சம் 5.7. அடுத்த மாதம் மறுபடி போகிறோம், ஆங்கரை அக்கா பார்க்க நான் போட வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். விரல் நுனித் தோல்தான் எல்லாம் போய்விட்டது, பாத்திரத்தைத் தொட்டாலே எரிகிறது. எத்தனை நாளில் சரியாகும்?

மலைக்காற்று:
படித்து முடித்ததும் மனம் நிறைந்துவிட்டது. ஆங்கர் போடும் முன் அக்காவிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: இரண்டு போல்ட்டில் ஒன்று பிடுங்கிக்கொண்டால் மற்றதற்கு என்ன ஆகும்? அவர் கட்டிக்காட்டுவதைப் பார்த்தால் மீதி புரிந்துவிடும்.

கல்லெறும்பு:
தோலுக்கு மூன்று நான்கு நாள். பிடிமானத்துக்குக் கையில் பூசிய சாக் பவுடரைச் சுத்தமாகக் கழுவிவிட்டு, தூங்கும் முன் கொஞ்சம் எண்ணெய் தடவுங்கள். தூக்கிக்கொண்டு நிற்கும் தோலைப் பிய்க்காமல் நகவெட்டியால் வெட்டிவிடுங்கள். பிய்த்தால் இன்னும் ஒரு வாரம் ஆகும்.